விஜயா, சிண்டிகேட், மைசூர் வங்கிகள் எங்கே போயின? கர்நாடக வங்கி இணைப்புகளும் வைப்புதாரரின் பாதுகாப்பும்

பெங்களூரு: நம்ம மெட்ரோ மஞ்சள் வழித்தடத்தின் தென்கோடி நிலையமான பொம்மசந்திரா, ஓசூர் சாலையை ஒட்டி வளர்ந்த தொழிற்பேட்டைப் பகுதியாகும். தமிழக எல்லை அருகிலேயே இருப்பதால் தமிழ்நாட்டைச் சேர்ந்த தொழிலாளர்கள் பலர் இங்குள்ள ஆலைகளில் பணிபுரிகின்றனர். இவர்களில் ஒருவர் 2015ஆம் ஆண்டில் கர்நாடகத்தில் பிறந்த அரசு வங்கி ஒன்றில் சம்பளக் கணக்கு தொடங்கியிருந்தால், அந்தப் பாஸ்புத்தகத்தின் அட்டையில் உள்ள பெயர் இன்று எந்தக் கிளையின் வாசலிலும் இல்லாமல் போயிருக்க வாய்ப்பு மிக அதிகம்.

2017 ஏப்ரல் 1ஆம் தேதி ஸ்டேட் பேங்க் ஆஃப் மைசூர் மறைந்தது. 2019 ஏப்ரல் 1 அன்று விஜயா வங்கியும், 2020 ஏப்ரல் 1 அன்று சிண்டிகேட் வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் மறைந்தன. அதற்கு முன்பே, பெங்களூரில் 1930இல் தோன்றிய வைஸ்யா வங்கி, 2002இல் ஐஎன்ஜி வைஸ்யா எனப் பெயர் மாறி, 2015 ஏப்ரல் 1 அன்று கோடக் மஹிந்திரா வங்கியில் கரைந்தது. ஐந்தே ஆண்டுகளில் ஐந்து பெயர்கள். ஆனால் கணக்கில் இருந்த பணத்துக்கு எந்தச் சேதமும் நேரவில்லை.

அதே பெங்களூரில், 2020 ஜனவரியில், பசவனகுடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு கூட்டுறவு வங்கியின் வாசலில் வைப்புதாரர்கள் திரண்டு நின்றனர். அவர்களுடைய வங்கியின் பெயர்ப் பலகை மாறவில்லை. பணம்தான் கைக்குக் கிடைக்கவில்லை. இந்த இரு நிலைகளுக்கும் இடையிலான வேறுபாட்டைப் புரிந்துகொள்ள, நூறாண்டுகளுக்கு மேற்பட்ட வங்கி வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

ஒரே மாவட்டத்தில் ஐந்து வங்கிகள்

இந்திய வங்கித் துறையின் தொட்டில் என்று அழைக்கப்படும் பகுதி, மும்பையோ சென்னையோ அல்ல. மங்களூரு, உடுப்பி, மணிப்பால் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய பழைய தென் கன்னட மாவட்டம். 1906 மார்ச் 12 அன்று உடுப்பியில் ஹாஜி அப்துல்லா ஹாஜி காசிம் சாகிப் பகதூர், வெறும் 5,000 ரூபாய் தொடக்க மூலதனத்தில் கனரா பேங்கிங் கார்ப்பரேஷனைத் தொடங்கினார். இதுவே பின்னாளில் கார்ப்பரேஷன் வங்கியானது. அதே ஆண்டு ஜூலை 1 அன்று மங்களூரில் வழக்கறிஞர் அம்மெம்பாள் சுப்பா ராவ் பை தொடங்கிய கனரா இந்து பெர்மனெண்ட் ஃபண்ட், 1910இல் கனரா வங்கி எனப் பெயர் பெற்றது.

1924இல் மங்களூரில் கர்நாடகா வங்கியும், 1925இல் உடுப்பியில் கனரா இண்டஸ்ட்ரியல் அண்ட் பேங்கிங் சிண்டிகேட்டும் தோன்றின. நலிந்து கிடந்த கைத்தறி நெசவாளர்களுக்கு உதவும் நோக்கில் மருத்துவர் டி.எம்.ஏ. பை, உபேந்திர அனந்த பை, வாமன் குட்வா ஆகிய மூவர் 8,000 ரூபாய் மூலதனத்தில் சிண்டிகேட்டைத் தொடங்கினர். உலகப் பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த 1931 அக்டோபர் 23 அன்று, விவசாயிகளுக்குக் குறைந்த வட்டியில் கடன் வழங்குவதற்காக ஏ.பி. ஷெட்டி தலைமையில் மங்களூரில் விஜயா வங்கி உருவானது.

இவற்றுள் சிண்டிகேட்டின் பணி தனித்துச் சொல்லத்தக்கது. 1928இல் அவ்வங்கி 'பிக்மி' வைப்புத் திட்டத்தை அறிமுகப்படுத்தியது. வங்கியின் முகவர் நாள்தோறும் வீட்டுக்கும் கடைக்கும் நேரில் சென்று, இரண்டு அணாவாக இருந்தாலும் வாங்கிக்கொண்டு, வாடிக்கையாளரின் அட்டையில் குறித்துக் கொடுப்பார். வங்கிப் படியேறத் தயங்கியவர்களிடம் வங்கியே நடந்து சென்ற திட்டம் அது. மீன் விற்கும் பெண்மணியும் பீடி சுற்றும் தொழிலாளியும் கணக்கு வைத்திருப்பதை, 'நிதிச் சேர்க்கை' என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இந்தத் திட்டம் சாத்தியமாக்கியது. அப்படி வீடு வீடாக நடந்த முகவர்கள் தங்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்கக் கோரி உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2001இல்தான் சாதகமான தீர்ப்பைப் பெற்றனர் என்பதையும் உடன் குறிப்பிட வேண்டும்.

தனியார் முயற்சிகள் கடற்கரை மாவட்டத்தில் நடந்தபோது, மைசூர் சமஸ்தானம் வேறு வழியில் சென்றது. பொறியாளர் விஸ்வேஸ்வரய்யா தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், 1913 அக்டோபர் 2 அன்று பேங்க் ஆஃப் மைசூர் தொடங்கப்பட்டது. 1960 மார்ச் மாதத்தில் அது பாரத ஸ்டேட் வங்கியின் துணை வங்கியானது. அதன் தலைமையகம் இருந்த கெம்பேகௌடா சாலைச் சந்திப்பைப் பெங்களூருவாசிகள் இன்றும் 'மைசூர் பேங்க் சர்க்கிள்' என்றே அழைக்கின்றனர்.

வங்கி விழுந்தால் யார் காப்பது?

உடுப்பியிலும் மங்களூரிலும் புதிய வங்கிகள் முளைத்த அதே 1906ஆம் ஆண்டில், அக்டோபர் 22 அன்று, சென்னையில் ஆர்பத்நாட் நிறுவனம் சரிந்தது. ஆங்கிலேயருக்குச் சொந்தமான, மிகுந்த நம்பிக்கைக்குரியதாகக் கருதப்பட்ட அந்த நிறுவனத்தில் தென்னிந்தியாவின் பல்லாயிரம் குடும்பங்கள் சேமிப்பைப் போட்டு வைத்திருந்தன. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். போன பணத்தை அந்தத் தண்டனை மீட்டுத் தரவில்லை. அந்தச் சரிவின் கசப்பிலிருந்தே, வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் உள்ளிட்டோரின் முயற்சியால், 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி செயல்படத் தொடங்கியது.

அடுத்த பெரும் அதிர்ச்சி 1938 ஜூன் மாதம் வந்தது. இரு வங்கிகள் ஒன்றிணைந்து ஓராண்டுக்குள், திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி தனது கதவுகளை மூடியது. இணைப்பு என்பது தானாகவே வலிமை தந்துவிடாது என்பதற்கு இது பழைய சான்று. 1935இல் தொடங்கப்பட்டிருந்த ரிசர்வ் வங்கிக்கு அப்போது வங்கிகளை முறையாகக் கண்காணிக்கப் போதிய சட்ட அதிகாரம் இல்லை. வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் 1949இல்தான் வந்தது.

இந்திய வங்கி வரலாற்றின் திருப்புமுனை என்று எந்த நாளையாவது சொல்ல வேண்டுமெனில், அது 1960 ஆகஸ்ட் 8. கேரளத்தின் பெரிய வங்கியாக விளங்கிய பாலாய் சென்ட்ரல் வங்கி, ரிசர்வ் வங்கியின் விண்ணப்பத்தின் பேரில், கேரள உயர் நீதிமன்ற உத்தரவால் மூடப்பட்டது. 1927இல் தொடங்கப்பட்ட வங்கி அது. மூடுவதைத் தவிர ரிசர்வ் வங்கியிடம் அன்று வேறு கருவி இல்லை. வைப்புதாரர்கள் வங்கியின் சொத்துகள் விற்கப்பட்டுத் தவணை தவணையாகப் பணம் வரும் வரை பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. நாடாளுமன்றத்திலும் வெளியிலும் எழுந்த கொந்தளிப்பு, இரண்டு சட்டங்களுக்கு வித்திட்டது.

முதலாவது, வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் அதே ஆண்டு செய்யப்பட்ட திருத்தம். நெருக்கடியில் சிக்கிய வங்கியின் கொடுக்கல் வாங்கலைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, அந்த அவகாசத்துக்குள் அதை வலுவான வேறொரு வங்கியுடன் கட்டாயமாக இணைக்க இது வழிவகுத்தது. இரண்டாவது, வைப்புத்தொகைக் காப்பீட்டுக் கழகச் சட்டம். 1962 ஜனவரி 1 முதல் காப்பீடு நடைமுறைக்கு வந்தபோது, ஒரு வைப்புதாரருக்கு ஒரு வங்கியில் அதிகபட்சம் 1,500 ரூபாய்க்குப் பாதுகாப்பு கிடைத்தது.

அமெரிக்கா சென்ற பாதை

வைப்புத்தொகைக் காப்பீட்டில் இந்தியாவுக்கு முன்மாதிரியாக இருந்தது அமெரிக்கா. அந்நாடு அதைக் கற்றுக்கொண்ட விதம் கொடுமையானது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863இல், ஆபிரகாம் லிங்கன் ஆட்சியில், 'நேஷனல் வங்கி' என்ற வகை சட்டத்தால் உருவாக்கப்பட்டது. பெயரில் நேஷனல் என்று இருந்தாலும் இவை அரசு வங்கிகள் அல்ல. மத்திய அரசிடம் உரிமம் பெற்ற தனியார் வங்கிகள். மத்திய அரசின் கடன் பத்திரங்களை ஈடாக வைத்து நோட்டு வெளியிட அவற்றுக்கு அனுமதி இருந்தது. போருக்குப் பணமும் கிடைத்தது, நாடெங்கும் ஒரே தரமான நோட்டும் கிடைத்தது. முதல் எண் கொண்ட உரிமம் ஃபிலடெல்ஃபியாவின் ஃபர்ஸ்ட் நேஷனல் வங்கிக்கு வழங்கப்பட்டது. ஊருக்கு ஊர் 'ஃபர்ஸ்ட் நேஷனல்', 'செகண்ட் நேஷனல்' என்ற பெயர்ப் பலகைகள் தோன்றியது இப்படித்தான்.

ஆனால் கிளை திறக்கும் உரிமையை அமெரிக்க மாகாணங்கள் கடுமையாகக் கட்டுப்படுத்தின. இதனால் ஒரே கட்டிடத்தில் இயங்கும் சிற்றூர் வங்கிகள் பெருகி, 1920களின் தொடக்கத்தில் எண்ணிக்கை ஏறத்தாழ 30,000ஐ எட்டியது. ஒரு வட்டாரத்தில் கோதுமை விலை சரிந்தால் அந்த வட்டாரத்தின் வங்கியும் சரியும். வேறு ஊரில் கிளை இருந்தால்தானே இழப்பை ஈடுகட்ட முடியும்? 1930 முதல் 1933 வரை சுமார் 9,000 வங்கிகள் வீழ்ந்தன. 1933 மார்ச் 6 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் நாட்டின் அத்தனை வங்கிகளுக்கும் விடுமுறை அறிவித்தார். அதே ஆண்டு மத்திய வைப்புத்தொகைக் காப்பீட்டுக் கழகம் அமைக்கப்பட்டு, 1934 ஜனவரி 1 முதல் 2,500 டாலர் வரையிலான வைப்புகளுக்குக் காப்பீடு தொடங்கியது. இன்று அந்த வரம்பு 2,50,000 டாலர்.

மாகாண எல்லை தாண்டிக் கிளை திறக்க 1994இல் சட்டம் முழுமையாக வழிவிட்ட பிறகு, அங்கும் இணைப்புகள் வெள்ளமெனப் பெருகின. 1980களின் நடுப்பகுதியில் 14,000க்கும் அதிகமாக இருந்த வணிக வங்கிகள், இப்போது அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சுருங்கிவிட்டன. அமெரிக்க நடைமுறையில் கவனிக்க வேண்டியது வேகம். வெள்ளிக்கிழமை மாலை வங்கியை மூடி, திங்கட்கிழமை காலை வேறொரு வங்கியின் பெயரில் திறந்துவிடுவது அங்கு வழக்கமாகிவிட்டது. 2023 மார்ச் 10, வெள்ளிக்கிழமை சிலிக்கான் வேலி வங்கி மூடப்பட்டபோது, அதில் பணம் வைத்திருந்த பெங்களூரு ஸ்டார்ட்அப் நிறுவனங்கள் சம்பளம் போட முடியுமா என்று தவித்தது அந்த ஒரு வார இறுதி மட்டுமே. காப்பீட்டு வரம்புக்கு மேற்பட்ட தொகைக்கும் பாதுகாப்பு உண்டு என ஞாயிற்றுக்கிழமையே அமெரிக்க அரசு அறிவித்துவிட்டது.

இந்தியாவில் மூடலுக்குப் பதில் இணைப்பு

1960க்குப் பின் இந்தியாவில் நடந்ததை எண்ணிக்கையே சொல்லும். 1951இல் நாட்டில் 566 வணிக வங்கிகள் இருந்தன. 1960களின் இறுதியில் அவை நூற்றுக்கும் கீழே குறைந்தன. சிறிய வங்கிகள் பெரிய வங்கிகளுக்குள் செலுத்தப்பட்டன. விஜயா வங்கி 1963 முதல் 1968 வரை ஒன்பது சிறு வங்கிகளைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. கனரா வங்கி, மதுரையின் பாண்டியன் வங்கியையும் திருச்சியின் ஆர்நாட் வங்கியையும் 1960களின் முற்பகுதியில் ஏற்றது. ஆகவே தமிழ்நாட்டில் கனரா வங்கியின் வேர், பலர் நினைப்பதைவிடப் பழையது.

பின்னர் 1969 ஜூலை 19 அன்று, 50 கோடி ரூபாய்க்கு மேல் வைப்பு வைத்திருந்த 14 வங்கிகள் தேசியமயமாயின. கனரா, சிண்டிகேட் ஆகியவை அவற்றில் அடக்கம். 1980 ஏப்ரல் 15 அன்று மேலும் ஆறு வங்கிகள் தேசியமயமானபோது விஜயாவும் கார்ப்பரேஷனும் அரசு வசம் வந்தன. பழைய தென் கன்னட மாவட்டத்தின் ஐந்து வங்கிகளில் நான்கு இப்படி அரசுடைமையாயின. கர்நாடகா வங்கி மட்டும் இன்றுவரை தனியார் வங்கியாகவே தொடர்கிறது.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். பேங்க் ஆஃப் தஞ்சாவூர் இந்தியன் வங்கியுடனும், பேங்க் ஆஃப் தமிழ்நாடு இந்தியன் ஓவர்சீஸ் வங்கியுடனும் 1990இல் இணைக்கப்பட்டன. கருமுத்து தியாகராஜன் செட்டியார் நிறுவிய பேங்க் ஆஃப் மதுரா, 2001இல் ஐசிஐசிஐ வங்கியுடன் சேர்ந்தது. மூடப்பட்ட வங்கி என்ற அவப்பெயர் எதற்கும் வரவில்லை. பெயர் மட்டும் போயிற்று.

எனினும் எல்லா இணைப்புகளையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுவது சரியல்ல. 2019இல் பேங்க் ஆஃப் பரோடாவுடன் இணைக்கப்பட்ட இரு வங்கிகளை எடுத்துக்கொள்ளலாம். தேனா வங்கி, வாராக் கடன் சுமையால் ரிசர்வ் வங்கியின் திருத்த நடவடிக்கைப் பட்டியலில் இருந்தது. புதிய கடன் வழங்கவே அதற்குத் தடை இருந்தது. விஜயா வங்கியோ, 2017-18 நிதியாண்டில் லாபம் ஈட்டிய இரண்டே இரண்டு பொதுத்துறை வங்கிகளில் ஒன்று. மற்றொன்று இந்தியன் வங்கி. நலிந்த வங்கியைத் தூக்கி நிறுத்த நலமான வங்கி தன் பெயரை இழக்க வேண்டுமா என்று கர்நாடகத்தில் எழுந்த கேள்வி நியாயமானது. நாடு தழுவிய போட்டிக்குப் பெரிய வங்கிகள் தேவை என்பதே மத்திய அரசு தரப்பின் பதில். 2017இல் 27 ஆக இருந்த பொதுத்துறை வங்கிகள் 2020இல் 12 ஆகின.

பங்குதாரர்களுக்குக் கிடைத்த விகிதமே ஒவ்வொரு வங்கியின் உடல்நிலையையும் வெளிப்படையாகக் காட்டியது. 1,000 விஜயா வங்கிப் பங்குகளுக்கு 402 பரோடா பங்குகள் வழங்கப்பட்டன. 1,000 தேனா பங்குகளுக்கு 110 மட்டுமே. 1,000 சிண்டிகேட் பங்குகளுக்கு 158 கனரா பங்குகளும், 1,000 கார்ப்பரேஷன் பங்குகளுக்கு 330 யூனியன் வங்கிப் பங்குகளும் கிடைத்தன.

கரூரில் 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியின் பங்குதாரர்களுக்குக் கிடைத்தது பூஜ்யம். 2020 நவம்பர் 17 மாலை, அந்த வங்கியிலிருந்து ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என அறிவிக்கப்பட்டது. பாலாய் வங்கி வீழ்ச்சிக்குப் பின் கூர்மையாக்கப்பட்ட அதே 45ஆம் பிரிவுதான் இங்கும் பயன்பட்டது. பத்தே நாளில், நவம்பர் 27 அன்று, அது சிங்கப்பூரின் டிபிஎஸ் குழுமத்தைச் சேர்ந்த இந்திய வங்கியுடன் இணைக்கப்பட்டது. வைப்புதாரரின் ஒரு ரூபாயும் குறையவில்லை. ஆனால் பங்கு மூலதனம் முழுவதும் எழுதித் தள்ளப்பட்டது. 318 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கடன் பத்திரங்களும் அவ்வாறே மதிப்பிழந்தன. 94 ஆண்டு காலம் கரூர், சேலம் வட்டாரக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த பங்குப் பத்திரங்கள் ஒரே அறிவிப்பில் காகிதமாயின. இணைப்பால் யாருக்கும் நஷ்டமில்லை என்று சொல்வது, இந்தக் குடும்பங்களைக் கணக்கில் சேர்க்காமல் சொல்வதாகும்.

கூட்டுறவு வங்கியில் நடப்பது வேறு

பசவனகுடியின் ஸ்ரீ குரு ராகவேந்திரா சஹகார வங்கியின் கதை இந்தப் பாதையில் செல்லவில்லை. 2020 ஜனவரி 10 அன்று ரிசர்வ் வங்கி விதித்த கட்டுப்பாட்டின்படி, ஒரு வைப்புதாரர் 35,000 ரூபாய் மட்டுமே எடுக்க முடிந்தது. கடன் வழங்கியதில் பெரும் முறைகேடு நடந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்து, விசாரணை அமைப்புகள் வழக்குப் பதிந்தன. ஓய்வூதியப் பணத்தையும் வீடு விற்ற பணத்தையும் வட்டி கூடுதலாகக் கிடைக்கிறது என்று அங்கே போட்டு வைத்திருந்த முதியவர்கள் பலர். லட்சுமி விலாஸுக்குப் பத்து நாளில் முடிந்த காத்திருப்பு, இவர்களுக்கு ஆண்டுக் கணக்கில் நீண்டது. மும்பையின் பிஎம்சி வங்கியிலும் இதே நிலை. 2019 செப்டம்பரில் முதலில் 1,000 ரூபாய் மட்டுமே எடுக்கலாம் என்றார்கள்.

காரணம் எளிது. நகர்ப்புறக் கூட்டுறவு வங்கிகள் மீது மாநில அரசின் கூட்டுறவுத் துறைக்கும் ரிசர்வ் வங்கிக்கும் இரட்டை அதிகாரம் இருந்தது. 45ஆம் பிரிவின் கட்டாய இணைப்பு அவற்றுக்குப் பொருந்தவில்லை. வாங்கிக்கொள்ள வலுவான வங்கியும் எளிதில் முன்வருவதில்லை. காப்பீட்டுத் தொகையோ, வங்கியின் உரிமம் ரத்தாகிக் கலைப்பு நடவடிக்கை தொடங்கினால்தான் கிடைக்கும் என்றிருந்தது. கட்டுப்பாடு நீடிக்கும் வரை வங்கி சாகவும் இல்லை, வாழவும் இல்லை, காப்பீடும் வரவில்லை.

இந்த இரு நிகழ்வுகளும் சட்டத்தை மாற்றின. 2020 பிப்ரவரி 4 முதல் காப்பீட்டு வரம்பு, 1993 முதல் இருந்த 1 லட்சத்திலிருந்து 5 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. 2020இல் செய்யப்பட்ட திருத்தம், 45ஆம் பிரிவைக் கூட்டுறவு வங்கிகளுக்கும் நீட்டித்தது. 2021 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்த மற்றொரு திருத்தம், வங்கியின் மீது கட்டுப்பாடு விதிக்கப்பட்டாலே 90 நாள்களுக்குள் காப்பீட்டுத் தொகை வழங்கப்பட வேண்டும் என்றது. முதல் 45 நாளில் வங்கி வைப்புதாரர் பட்டியலைத் தர வேண்டும். அடுத்த 30 நாளில் சரிபார்ப்பு. இறுதி 15 நாளில் பணம். வேறு வங்கியுடன் இணைக்கும் பேச்சு நடந்தால் மேலும் 90 நாள் அவகாசம் எடுத்துக்கொள்ளலாம். இந்தத் திருத்தத்துக்குப் பிறகே பெங்களூரு வைப்புதாரர்கள் 5 லட்சம் வரையிலான தொகையைப் பெற்றனர். அதற்கு மேல் வைத்திருந்தவர்களின் மீதித் தொகை, கடன்காரர்களிடமிருந்து வசூலாகும் தொகையை நம்பி நின்றது. பிஎம்சி வங்கி 2022 ஜனவரி 25 அன்று யூனிட்டி சிறு நிதி வங்கியுடன் இணைக்கப்பட்டபோது, பெரிய தொகை வைத்திருந்தவர்களுக்குப் பத்தாண்டு வரை தவணை குறிக்கப்பட்டது.

பாஸ்புத்தகம் வைத்திருப்பவர் கவனத்துக்கு

5 லட்சம் ரூபாய் என்பது அசல், வட்டி இரண்டும் சேர்ந்த வரம்பு. ஒரே வங்கியின் எத்தனை கிளைகளில் பிரித்துப் போட்டாலும் எல்லாம் ஒன்றாகவே கூட்டப்படும். சேமிப்புக் கணக்கு, நிரந்தர வைப்பு என்ற வேறுபாடும் இல்லை. கணவன் மனைவி கூட்டாக வைத்திருக்கும் கணக்கு மட்டும் தனிநபர் கணக்கிலிருந்து வேறாகக் கணக்கிடப்படும். இதற்கான பிரீமியத்தை வங்கியே செலுத்துகிறது. வாடிக்கையாளரிடம் வசூலிக்கக் கூடாது.

இணைப்பில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் இங்கேதான் உள்ளது. 2020 மார்ச்சில் ஒருவர் சிண்டிகேட் வங்கியில் 4 லட்சமும் கனரா வங்கியில் 4 லட்சமும் வைத்திருந்தால், இரண்டும் தனித்தனி வங்கிகள் என்பதால் 8 லட்சத்துக்கும் காப்பீடு இருந்தது. ஏப்ரலுக்குப் பிறகு இரண்டும் ஒரே வங்கி. காப்பீடு 5 லட்சத்தோடு நிற்கும். அரசு வங்கி என்பதால் அச்சம் தேவையில்லை என்றாலும், பணத்தைப் பாதுகாப்புக்காகவே பிரித்து வைத்தவர்களின் கணக்கை இணைப்பு சத்தமின்றி மாற்றிவிடுகிறது. அமெரிக்காவில் இத்தகைய வைப்புகளுக்கு இணைப்புக்குப் பின் ஆறு மாதம் தனித்தனிக் காப்பீடு தொடரும்.

அன்றாடத் தொல்லை ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் வருகிறது. விஜயா வங்கியின் பழைய குறியீடுகள் 2021 மார்ச் 1 முதலும், சிண்டிகேட் வங்கியின் குறியீடுகள் 2021 ஜூலை 1 முதலும் செல்லாதவையாயின. ஆலை மாறி, ஊர் மாறிச் சென்ற தொழிலாளி ஒருவரின் வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் பழைய குறியீடே பதிவாகியிருந்தால், பணம் கேட்டு விண்ணப்பிக்கும்போது அது தடைபடக்கூடும். முன்கூட்டியே புதிய குறியீட்டைப் பதிவு செய்துவிடுவது நல்லது.

கடன் சங்கங்களின் நிலை முற்றிலும் வேறு. கர்நாடகத்தில் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவான சௌஹார்த கூட்டுறவுக் கடன் சங்கங்கள் தொழிற்பேட்டைப் பகுதிகளிலும் புறநகர்களிலும் ஏராளம். வங்கியைவிடக் கூடுதல் வட்டி தருவதாக அவை வைப்பு திரட்டுகின்றன. இவற்றுக்கு வைப்புத்தொகைக் காப்பீடு கிடையாது. உரிமம் இல்லாத சங்கங்கள் 'வங்கி' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்றும், அவற்றில் போடும் பணத்துக்குக் காப்பீடு இல்லை என்றும் ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் பொதுமக்களை எச்சரித்தது. பதிவு பெற்ற சீட்டு நிறுவனங்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. வைப்புத்தொகைக் காப்பீடு அவற்றுக்கும் இல்லை. பணம் போடும் முன், அந்நிறுவனம் காப்பீடு பெற்ற வங்கிகளின் பட்டியலில் உள்ளதா என்பதை வைப்புத்தொகைக் காப்பீடு மற்றும் கடன் உத்தரவாதக் கழகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம்.

பழைய பாஸ்புத்தகங்களும் வீண் அல்ல. பத்தாண்டுகளாக இயக்கப்படாத கணக்கின் பணம், ரிசர்வ் வங்கி பராமரிக்கும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படும். ஆனால் கணக்குதாரருக்கோ அவருடைய வாரிசுக்கோ அதன் மீதான உரிமை காலாவதியாவதில்லை. 2023 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'உத்கம்' இணையதளத்தில் பெயரையும் அடையாள விவரத்தையும் தந்து தேடலாம். பேங்க் ஆஃப் மதுரா என்று அட்டையில் இருந்தால் ஐசிஐசிஐ வங்கியையும், சிண்டிகேட் என்றால் கனரா வங்கியையும், விஜயா என்றால் பேங்க் ஆஃப் பரோடாவையும், கார்ப்பரேஷன் என்றால் யூனியன் வங்கியையும், ஸ்டேட் பேங்க் ஆஃப் மைசூர் என்றால் பாரத ஸ்டேட் வங்கியையும் அணுக வேண்டும். கணக்குதாரர் காலமாகியிருந்தால் இறப்புச் சான்றிதழுடன் வாரிசுதாரர் விண்ணப்பிக்கலாம்.